மூணு சாரும் ஒரே அண்டாவும்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் மூணு சாரைப் போல இன்னொரு மனிதர் அகப்பட மாட்டார். அகப்பட்டாலும், "ஒரு ஆளே சலிக்கக் கூடாதும்மா, எதிர் வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடிங்க" என்று சல்லடைக்குள்ளிருந்தே சொல்வார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் இல்லை. வெள்ளத்துக்கு அப்புறம் அரிசி லாரி மேல் ஏறி நின்று, "என் பேரு..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மூட்டை வாய் பிரிந்துகொண்டது. அத்தனை பொம்பளைகளும் முந்தானையை ஏந்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினோம். திரும்பி வந்தபோது அவர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு மூன்று விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சோறு, கால்வாய், சமாதானம். இந்த மூணும் ஒண்ணாத்தாம்மா வரணும். தனித்தனியா வந்தா தங்காது."

அன்றைக்கு வைத்த பெயர்தான் மூணு சார்.

அந்த மூன்று விரல் அவருக்கு மடங்கவே மடங்காது. எது பேசினாலும் கை தானாக மேலே போகும். டீக்கடையில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், கடைக்காரர் விரலைப் பார்த்துவிட்டு மூன்று டீ ஆற்றிக் கொண்டுவந்து வைப்பார். திருப்பி அனுப்பத் தெரியாது. போகிற வருகிறவர்களில் ஒருவருக்கொருவர் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேராகப் பார்த்துக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார். மொபெட் ரிப்பேராகி பஸ்ஸில் வந்தால் கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்துவிடுவார். "மீதி ரெண்டு பேரு எங்க சார்?" என்று கேட்டால், "அவங்க இன்னும் சண்டையில இருக்காங்க, பின்னால வருவாங்க" என்பார்.

சண்டையில் இருந்தவர்கள் நாங்கள்தான்.

எண்பதுகளில் எங்கள் காலனி திருமுல்லைவாயில் பக்கம் ஏரிக்குப் பின்னால் இருந்தது. இரண்டே வரிசை வீடு. மேலே இருந்தது மேட்டு லைன், கீழே இருந்தது பள்ள லைன். பாதிப்பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை, மீதிப்பேர் பாடிப் பக்கம் கம்பெனிகள். ரெண்டு லைனும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வருகிற ஜனம்தான். மழைக்காலம் வந்தால் மட்டும் வேறு வேறு தேசமாகிவிடும். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும். இறங்கக் கூடாதென்று பள்ள லைனில் இருந்த எங்கள் ஆட்கள் நடுவில் மண் கரை போட்டார்கள். அப்போது தண்ணீர் மேட்டு லைன் வாசலிலேயே நின்றது. ஒரு ஐப்பசி மழையில் மேட்டு லைன் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து கரையை வெட்டிவிட்டார்கள். எங்கள் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அரிசிப் பானை மிதந்து வாசலைத் தாண்டிப் போனது.

வெட்டின கரை மேலேயே கைகலப்பு. என் வீட்டுக்காரருக்கு மண்வெட்டிக் காம்பால் அடி விழுந்து தலையில் தையல். அடித்தவருக்கும் மணிக்கட்டு பிசகிவிட்டது. இரண்டு பக்கமும் போலீஸ் கேஸ்.

அடித்தவர் வேறு யாருமில்லை, என் அக்கா புருஷன்.

எங்கள் அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாது. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊற்றினது எல்லாம் அக்காதான். அவளுக்குக் கல்யாணமாகி மேட்டு லைனுக்கு வந்தபோது, "ஜன்னல்லேர்ந்து பாத்தா என் தங்கச்சி ஊடு தெரியணும்" என்று ஒற்றைக் காலில் நின்று பள்ள லைனில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாள். ஜன்னலில் இருந்து வீடு தெரிந்தது, அந்தக் கரையும் சேர்ந்தே தெரிந்தது. சண்டைக்கு அப்புறம் என் வீட்டுக்காரர், "மேட்டுக்காரன் ஊட்டு பக்கம் தல வெச்சுப் படுத்தே, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். மேலே மாமாவும் அக்காவிடம் அதையேதான் சொன்னாராம். வருஷக்கணக்கில் பிள்ளை இல்லாமல் இருந்து அக்கா அப்போதுதான் மாசமாக இருந்தாள். எட்டாவது மாசம். தூரத்தில் அவள் துணி உலர்த்துவது தெரியும். குனிய முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போய் ஒரு புடவையைப் பிழிந்து தர முடியாமல் நான் இங்கே நிற்பேன்.

இந்த லட்சணத்தில்தான் மூணு சார் வந்து சேர்ந்தார். பட்டணத்தில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. அரிசி, பருப்பு எல்லாம் தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு மட்டும் என்று உத்தரவு. மேட்டு லைனில் புகைச்சல் கிளம்பியது. எஸ்டேட்டே தண்ணீரில் முழுகி யாருக்கும் வேலை கிடையாது, அங்கேயும் அடுப்பு எரியவில்லை. "கரய போட்டு நம்மள முழுக வெக்கப் பாத்தவனுங்களுக்கு அரிசியாம், நமக்கு வெறுங்கையாம்" என்று கத்தினார்கள். இங்கே கன்னியம்மா சும்மா இருப்பாளா? பள்ள லைனில் முதல் வீடு, முதல் வாய். "வெட்ன கைக்கு வளையல்தான் போடுவாங்க, சோறு போட மாட்டாங்க" என்று பதில் அனுப்பினாள். இன்னொரு கைகலப்புக்கு எல்லாம் தயார்.

சார் லாரியைத் திருப்பினார். பூந்தமல்லியில் கல்யாண பிரியாணி போடுகிற ஒரு பாயிடமிருந்து ஒரு பெரிய அண்டா கேட்டு வாங்கி வந்தார். நாலு ஆள் பிடித்துத் தூக்கவேண்டிய அண்டா. அதை எங்கள் பக்கமும் வைக்கவில்லை, அவர்கள் பக்கமும் வைக்கவில்லை. வெட்டுப்பட்ட கரை மேலேயே அடுப்பு மூட்டி ஏற்றிவிட்டார்.

"பயனாளிகளே!" என்று கூப்பிட்டார்.

"யாரய்யா அது பயனாளி? என் பேரு கன்னியம்மா."

"சரி, கன்னியம்மா. ஒரு நாள் நீங்க சமைக்கணும், ஒரு நாள் அவங்க சமைக்கணும். பள்ளத்துக்காரங்களுக்கு மேட்டுக்காரங்கதான் பரிமாறணும், மேட்டுக்காரங்களுக்கு நீங்கதான். சொந்த லைன் கையால யாருக்கும் சோறு கிடையாது."

"அவங்க கையால துன்றதுக்கு நான் பட்னி கெடப்பேன்!"

"கிடங்கம்மா. அண்டா இங்கேதான் இருக்கும்."

இன்னொன்றும் சொன்னார். பரிமாறுகிறவர் 'போதுமா' என்று கேட்க வேண்டும். வாங்குகிறவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், தலையாட்டல் செல்லாது. பதில் வரும்வரை கரண்டி நகரக் கூடாது. முதல் நாள் யாரும் வரவில்லை. சாரே சமைத்து, சாரே கரையில் உட்கார்ந்து, எங்கள் வாசல் வரைக்கும் மணக்க மணக்கச் சாப்பிட்டார். மீதிக்கு நாய்கள் வந்தன, மேட்டு நாயும் பள்ளத்து நாயும் சேர்ந்தே வந்தன. மறுநாள் குழந்தைகள் வந்தன. குழந்தைகளை இழுத்துக்கொண்டு போக வந்த அம்மாக்கள் தட்டோடு வந்தார்கள்.

எங்கள் முறை வந்தபோது கன்னியம்மா குழம்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். "மேட்டுக்காரனுங்க நாக்கு வெந்து போவட்டும்." ஒரே அண்டா என்பதையும் அடுத்த பந்தி நாங்கள்தான் என்பதையும் அவள் மறந்தே போனாள்.

மேட்டு லைன் வரிசையாக உட்கார்ந்து முதல் வாய் வைத்தது. ஒருத்தர் முகம் கூட மாறவில்லை. காறித் துப்பினால் பள்ளத்துக்காரிகள் சிரிப்பார்களே என்ற வைராக்கியம். கண்ணில் தண்ணீர் முட்ட, "ஆஹா, இன்னா ருசி, இன்னா ருசி" என்று சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அடுத்து நாங்கள். சமைத்தது எங்கள் ஆள், குறை சொல்ல முடியுமா? நாங்களும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு விழுங்கினோம். கன்னியம்மாவே, "கொஞ்சம் தூக்கலோ?" என்று மெதுவாகக் கேட்டாள். "அதெல்லாம் இல்லியே, சரியாத்தான் கீது" என்றாள் பரிமாறின மேட்டுக்காரி, இனிக்க இனிக்க. குடிதண்ணீர் டிரம் எல்லாம் அந்த மத்தியானமே காலி.

சாரும் சாப்பிட்டார். மூக்கு சிவந்து, காது சிவந்து, பேச நாக்கு வராமல் மூன்று விரலை மட்டும் காட்டினார். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "ரெண்டு லைனும் சேர்ந்து ஒரே பொய்ய சொன்னது இன்னிக்குத்தான். நல்ல ஆரம்பம்" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எந்த லைன் என்று தெரியவில்லை.

ஒரு நாள் பரிமாறும் முறை எனக்கு வந்தது. எனக்குக் கூட்டமென்றாலே ஆகாது. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு தட்டாக ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒரு தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அக்காவின் கை. சண்டைக்கு அப்புறம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரின் புருஷன்மார்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சட்டம் சட்டம்தானே, கேட்டே ஆக வேண்டும்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அக்கா.

ஊற்றினேன்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம், குட்டி."

தட்டு வழிந்து அவள் விரலில் சாம்பார் ஓடியது. அடுத்து வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "மாசமா கீறவங்க, துன்னட்டும் உடுங்க" என்று அதட்டினாள் கன்னியம்மா. சத்தியமாகச் சொல்கிறேன், அக்காவுக்குச் சாம்பாரே பிடிக்காது.

மூணு சாருடைய ஆபீசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மூன்று மாடிக் கட்டடமாம். கீழே நிவாரணம், நடுவில் வளர்ச்சி, மேலே நல்லிணக்கம். ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடியை எட்டிப் பார்க்க மாட்டார். "நடுவில ஏறி இறங்கறவன் நான் ஒருத்தன்தாம்மா, அதான் முட்டி வலி" என்பார்.

ஒரு நாள் மூன்று மாடியும் மூன்று ஜீப்பில் வந்து இறங்கியது. கீழ் மாடி அம்மா அண்டாவைப் பார்த்தார்.

"மேட்டுல தண்ணியே வரலையே, அவங்க ஏன் இங்க இருக்காங்க?"

"பரிமாறுறாங்க மேடம்."

"சாப்பிடவும் செய்யறாங்களே?"

"பரிமாறினா பசிக்குமே மேடம்."

நடு மாடிக்காரருக்குக் கவலையெல்லாம் குழாயைப் பற்றி. கால்வாய் போடுவதற்கென்று பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் வந்து இறங்கி, கரையோரம் சும்மா கிடந்தன. "இவ்வளவு குழாய் வந்தும் ஒண்ணும் உபயோகப்படலையே?"

"ஏன் சார், நான் தினம் உட்கார்றேனே."

மேல் மாடிக்காரர் கதர் ஜிப்பாவில் பவ்யமாக வந்தார். "சமாதானக் கூட்டம் எப்போ நடத்தறீங்க?"

"தினம் மத்தியானம் ஒரு மணிக்கு சார்."

"அது சாப்பாட்டு நேரமாச்சே?"

"ஆமா சார்."

மூன்று ஜீப்பும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டன. போகும்போது நடு மாடிக்காரர் கறாராகச் சொன்னார்: குழாயைச் சீக்கிரம் புதைக்காவிட்டால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆள் வைத்துப் புதைத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். சார் மாட்டேன் என்றார். மேட்டுத் தண்ணீர் மாமா வீட்டுக் கொல்லையில் இறங்கி, கரைக்கு அடியில் புகுந்து, எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக ஏரிக் கால்வாய்க்குப் போக வேண்டும். அதை விட்டால் வேறு வழி கிடையாது. "என் கொல்லையில ஒரு புடி மண்ண எடுக்கறானா பாக்கறேன்" என்று மேலே மாமா. கீழே என் வீட்டுக்காரரும் அதே வார்த்தை. "இவங்க மனசில்லாம புதைச்சா, அடுத்த மழைக்கு முன்னாடி யாராவது குழாய் வாயில கோணிய அடைச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சார் குழாய் மேலேயே குடை பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்கு ஒன்பதாவது மாசம் பிறந்துவிட்டது. வளைகாப்பு போட வேண்டும். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான். "என் தங்கச்சி வந்து போடாத வளையல் எனக்கு வேணாம்" என்று அக்கா சொல்லிவிட்டதாகச் சாப்பாட்டு வரிசையில் பேச்சு வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வேறு யாரிடமும் சொல்ல வழி தெரியவில்லை. காலி அண்டாவைத் தேய்க்கிற சாக்கில் குழாய்ப் பக்கம் போய் நின்றேன். அவ்வளவு நாளில் சாரிடம் நான் வாய் திறந்ததே கிடையாது.

"சார், எங்க அக்காவுக்கு நான்தான் வளையல் போடணும். போவ முடியாது."

அவ்வளவுதான் வந்தது. அவர் கையிலிருந்த குடையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது எந்த மாடியில சேரும்மா?"

"தெரியலியே சார்."

"எனக்கும் தெரியல. எந்த மாடியிலயும் கிடையாது போலிருக்கு" என்று எழுந்து நேராக மேட்டு லைனுக்கு நடந்தார். நான் அண்டாவைப் பிடித்தபடி நின்றேன். மாமா வீட்டு வாசலில் அவர் பேசியது கரை வரைக்கும் கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேசவே வராது.

"ஏன் நைனா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க?" இந்த நைனாவை அவர் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார், எங்கே போடுவதென்று தெரியாமல் எல்லாருக்கும் போடுவார்.

"இன்னா கேள்வி சார்? ரிக்சாவுல போவேன்."

"எந்த வழியா?"

மேட்டு லைனிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற ஒரே வழி எங்கள் பள்ள லைன்தான்.

"மழை இன்னும் முடியல. அந்த நேரம் பார்த்து பள்ளத்தில இடுப்பளவு தண்ணி நின்னா ரிக்சா நீந்துமா? உங்க வீட்டம்மாவ தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா, பிசகின கையோட?"

மாமா மண்வெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல்: "என் கொல்லையில நான்தான் தோண்டுவேன். அவன் ஆளு ஒருத்தன் கால் வெக்கக் கூடாது."

சார் அதே வேகத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர், "என் கொல்லையில நான்தான் தோண்டுவேன்" என்றார். சார் சந்தோஷமாக மூன்று விரலைக் காட்டினார்.

இப்படியொரு தோண்டலை உலகம் பார்த்திருக்காது. மேலேயிருந்து மாமா, கீழேயிருந்து என் வீட்டுக்காரர். கரையில் வந்து சேர வேண்டும் என்று ஏற்பாடு. எந்த இடத்தில் சேர வேண்டும் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்க வேண்டாமா? எப்படிக் கேட்பார்கள், பேச்சுதான் கிடையாதே! தலை நிமிர்ந்து பார்த்தால் எதிராளியின் மூஞ்சி தெரிந்துவிடும் என்று இரண்டு பேரும் குனிந்தபடியே வெட்டிக்கொண்டு வந்தார்கள். காலனி முழுக்கக் கரையில் கூடி வேடிக்கை பார்த்தது. சார் குழாய் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

இரண்டு பள்ளமும் கரைக்கு வந்தது. வந்ததே தவிரச் சேரவில்லை. ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாக, நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மண் விட்டு, தாண்டிப் போய்விட்டது. எதிரும் புதிருமாகப் போகிற இரண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் பக்கத்தில் பக்கத்தில் நின்ற மாதிரி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பள்ளத்தில் தலை மட்டும் தெரிய நின்றார்கள்.

"யோவ், ரெண்டு பேரும் எந்த ஊருக்குத் தோண்டிகினு போறீங்க?" என்று கேட்டாள் கன்னியம்மா.

காலனியே சிரித்தது. என் வீட்டுக்காரர் மண்ணைப் பார்த்து, "நான் நேராத்தான் வந்தேன்" என்றார்.

மாமா தன் மண்வெட்டியைப் பார்த்து, "நேரா வந்தவங்க இங்கதான வந்திருக்கணும்" என்றார்.

"கோணலா வந்தவங்க இன்னா வேணா சொல்வாங்க."

"யார் கோணலு?" என்று மாமா ஆத்திரத்தோடு ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். ஈர மண். பக்கச் சுவர் பொலபொலவென்று சரிந்து அவரைத் தொடை வரைக்கும் மூடிவிட்டது. மேலே அக்கா வீலென்று கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் வீட்டுக்காரர் நடு மண்ணைத் தாண்டிக் குதித்து அந்தப் பள்ளத்துக்குள் நின்றார்.

"சகல, கைய குடு!"

"மெதுவா, மெதுவா. அது பிசகின கை."

"தெரியும். நாங்கதான பிசக்னோம்."

"உன் தல எப்டி கீது?"

"மழ வந்தா வலிக்குது."

"எனக்கும் அப்டித்தான், மணிக்கட்டு. ராவெல்லாம் குடையுது."

"நல்லெண்ணெய காய்ச்சித் தேயி சகல."

இழுத்து மேலே போட்டார். இரண்டு பேரும் சேறு பூசிக்கொண்டு, எந்தப் பள்ளத்தை எந்தப் பக்கம் வளைப்பது என்று அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் யாரும் தோற்காதபடி நடுவில் ஒரு வளைவு போட்டுச் சேர்த்தார்கள்.

அண்டா தேய்க்கப் போனபோது நான் கேட்டேன். "சார், நீங்க இங்கியேதான குந்திகினு இருந்தீங்க. தப்பாப் போறது உங்களுக்குத் தெரியலியா?"

"முதல்லயே தெரியும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா குழாய்தான்மா சேர்ந்திருக்கும்."

வளைகாப்புக்குச் சோறு அந்த அண்டாவில்தான் வெந்தது. நான் அக்காவின் இரண்டு கையிலும் வளையலை அடுக்கினேன். அவள் அழுது, நான் அழுது, கன்னியம்மா அதற்கும் மேலே அழுது, "உப்பு நான் போடலமா, இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், துன்னுங்க" என்றாள். கார்த்திகை முடிவில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் வெள்ளம், எங்கள் லைனில் கணுக்கால் கூட நனையவில்லை. அந்த மழையில்தான் அக்காவுக்கு வலி எடுத்தது. மாமா ரிக்சாவில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ள, பள்ள லைன் முழுக்க வாசலுக்கு வந்து நிற்க, வண்டி எங்கள் தெருவை உருண்டு தாண்டியது. பெண் குழந்தை.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர், "வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார். மாமாவும், "நானும் வழுக்கித்தான் விழுந்தேங்க" என்றார். சாட்சிகளும் வரிசையாக வழுக்கி விழுந்தார்கள். "அன்னிக்கு உங்க காலனியில நின்னவங்க யாராவது உண்டா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம் ஜட்ஜ்.

மூணு சார் அதற்குள் போய்விட்டார். கீழ் மாடிக்கு அவர் மேல் கோபமாம், வராத வெள்ளத்துக்குச் சோறு போட்டார் என்று. நடு மாடிக்குக் கால்வாய் ஏன் வளைந்திருக்கிறது என்று கோபம். மேல் மாடிக்குக் கூட்டமே போடாமல் சமாதானம் எப்படி வந்தது என்று கோபம். மூன்று மாடியும் ஒன்றுகூடி முடிவெடுத்தது அந்த ஒரு முறைதான் என்று அவரே சொல்லிச் சிரித்தார். எங்கேயோ தெற்கே மாற்றிவிட்டார்கள். பாயின் அண்டாவை நாலு பேர் தூக்கிவிட, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். அண்டா பெரிதாக இருந்ததால் பின்னாலிருந்து பார்த்தபோது ஆள் தெரியவில்லை, அண்டா மட்டும் தானாகப் போவது போல இருந்தது. எல்லாரும் கை காட்டிச் சிரித்தார்கள். பேரையாவது கேட்டு வைத்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவு பழகின பிற்பாடு பேர் கேட்பது மரியாதையாக இருக்காது என்று ஒவ்வொருத்தரும் விட்டுவிட்டோம்.

தொண்ணூறுகளில் ஒரு பெருமழை வந்தது. கால்வாயே கொள்ளாமல் இரண்டு லைனிலும் தண்ணீர். யார் யாரோ லாரியில் வந்தார்கள். மேலேயிருந்து பொட்டலத்தை வீசினார்கள், எட்டிப் பிடிப்பதற்குள் கீழே அடிதடி, லாரி போய்விட்டது. வீசினவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரியாது, சமாதானமும் தெரியாது. மேட்டு லைன் கிழவர் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து வாயில் வைத்தார். "உப்பே இல்ல" என்றார்.

இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை, மாமாவும் இல்லை. மேட்டு லைன், பள்ள லைன் எல்லாம் போய், அடுக்கு வீடுகள் வந்துவிட்டன. அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறோம். எதற்கு என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஏதாவது ஒரு மொபெட் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் எழுந்துவிடுகிறோம்.